திருமுறை வகுப்பு லிங்கை இனி ஏன் முகநூலில் போடுவதில்லை

ஓம் சரவணபவ. 

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பிரசாதம் கொடுக்கும்போது மூன்று நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பிள்ளைங்க வகுப்பு லிங்க் முன்னெல்லாம் ஆலய முகநூல் பக்கத்துல வரும். இப்ப ஏன் வர்றதில்ல? வீடியோவும் போடறதில்ல. ஜொகூர்ல இருக்கிற எங்க அக்கா பிள்ளை எப்படிச் சேர்றது?" பிரசாத வரிசையில் நின்றுகொண்டு அதற்கு முழு பதில் சொல்ல முடியவில்லை. சிலர் நாங்கள் எதையோ மறைக்கிறோம் என்றுகூட நினைத்துவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாகப் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர்கள் கடைசி வரை படிக்க வேண்டும்.

நம் ஆலயம் தோட்டக் கோயிலாக இருந்து வளர்ந்தது உங்களுக்குத் தெரியும். பால்மரம் போய், லயம் போய், சனங்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் என்று தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் வேலைக்காகப் பினாங்கு, ஜொகூர், சிங்கப்பூர் என்று பரவிவிட்டார்கள். ஆனால் குலசாமி இங்கேதான். திருவிழா என்றால் எல்லாரும் வந்துவிடுவார்கள். மற்ற நாளில் நம்மை இணைத்து வைத்திருப்பது புலனக் குழுவும் இந்த முகநூல் பக்கமும்தான்.

18.3.2020 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கோயில் கேட்டைப் பூட்டினோம். குருக்கள் ஐயா மட்டும் உள்ளே நித்திய பூஜை செய்தார். வெள்ளி மாலை மண்டபத்தில் உட்கார்ந்து தேவாரம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். பள்ளிக்கூடமே கைப்பேசிக்கு வந்துவிட்டதே, நம் திருமுறை வகுப்பையும் இயங்கலையில் நடத்தலாம் என்று யாரோ சொன்னார்கள். உடனே ஆரம்பித்துவிட்டோம்.

உண்மையில் அது ஒரு சந்தோஷம். மண்டபத்தில் இருபது பிள்ளைகள் வருவார்கள். திரையில் சிங்கப்பூர் பிள்ளையும் வந்தது, பாலிங் பிள்ளையும் வந்தது. தாத்தா பாட்டிகள் பின்னால் நின்று கேட்டார்கள். அந்தப் பெருமையில் லிங்கைக் கண்ட இடத்தில் எல்லாம் போட்டோம். முகநூலில் போட்டோம், பத்துப் பதினைந்து புலனக் குழுவில் போட்டோம். வாராவாரம் ஒரே லிங்க். பாஸ்வேர்டு கிடையாது. யார் வருகிறார்கள் என்று பார்த்து உள்ளே விடும் வசதியை நிறுத்தி வைத்தோம், ஏனென்றால் வயசானவர்கள் காத்திருக்கச் சிரமப்படுவார்களாம். கோயில் எல்லாருக்கும் பொதுதானே, லிங்க்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நினைத்தோம்.

அந்த ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஓதுவார் ஐயா பாடிக் காட்டுகிறார், பதினான்கு பிள்ளைகள் திருப்பிப் பாடுகிறார்கள். திடீரென்று தெரியாத ஒரு பெயர் உள்ளே வந்தது. சிரிப்புச் சத்தம், கெட்ட வார்த்தை, அப்புறம் திரை முழுக்க ஒரு அசிங்கமான படம். எங்களுக்கு எந்தப் பட்டனை அமுக்குவது என்றே தெரியவில்லை. கை நடுங்கியது. கடைசியில் வகுப்பையே மூடினோம். ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் பார்த்த பிள்ளைகள் பார்த்ததுதான்.

அன்றைக்கு இருந்ததிலேயே சின்னப் பிள்ளைக்கு ஏழு வயசு. அதன் அம்மா இரவு போன் செய்தார். திட்டவில்லை. "கோயில்னு நம்பித்தானே அண்ணே பக்கத்துல உட்காராம விட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கு நாங்கள் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை அப்புறம் பல மாதம் வகுப்புக்கு வரவில்லை.

அன்றைக்கு நாங்கள் பயன்படுத்திய செயலியின் பெயரை இங்கே எழுதவில்லை. பூட்டு அதிலும் இருந்தது. போடாதது நாங்கள். "யாரோ ஹேக் பண்ணிட்டான்" என்று முதலில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தோம். நம் ஆலய இளைஞர் பகுதியில் கணினி படித்த தம்பி ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். "அங்கிள், அவன் ஒன்னும் ஹேக் பண்ணல. நாம முகநூல்ல போட்ட லிங்க்க அமுக்கி வந்தான், அவ்வளவுதான். மூலஸ்தானத்துக் கதவ இப்படித் திறந்து போட்டுட்டு வீட்டுக்குப் போவோமா?"

நமக்கு மட்டும் நடந்தது இல்லை. சிங்கப்பூரில் 2020 ஏப்ரலில் ஒரு வகுப்பு நடக்கும்போது அந்நியர்கள் உள்ளே புகுந்து ஆபாசப் படம் காட்டினார்கள். அங்கே கல்வி அமைச்சு ஆசிரியர்கள் ஸூம் பயன்படுத்துவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்து, பாதுகாப்பைச் சரிசெய்த பிறகுதான் மறுபடி அனுமதித்தது. அதே மாதம் 16-ம் தேதி இந்தியாவில் உள்துறை அமைச்சு, ஸூம் பாதுகாப்பான தளம் இல்லை என்று அறிவுரை வெளியிட்டது. 2019 டிசம்பரில் ஒரு நாளைக்கு ஒரு கோடி பேர் அளவில் சேர்ந்துகொண்டிருந்த ஸூம் கூட்டங்களில், 2020 ஏப்ரலில் 30 கோடி பேர் சேர்ந்தார்கள். அலுவலகத்துக்காகச் செய்த பொருளைப் பள்ளிக்கூடம், கோயில், கல்யாண வீடு எல்லாம் தூக்கி வைத்துக்கொண்டோம். அந்த ஏப்ரலிலேயே அந்த நிறுவனம் பாஸ்வேர்டையும் காத்திருப்பு அறையையும் தானாகவே போடும்படி மாற்றியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் தம்பி அதோடு விடவில்லை. "வெளியாள் உள்ள வர்றது ஒரு பிரச்சன. அந்த வீட்டையே கட்டி வச்சிருக்கிறவன் என்ன பாக்கிறான், யார்கிட்ட சொல்றான்ங்கிறது இன்னொரு பிரச்சன அங்கிள்" என்றார். அவர் எடுத்துக் காட்டிய விஷயங்கள் ஊருக்கே தெரிந்தவைதான், நாங்கள்தான் படிக்கவில்லை. ஐபோனில் இருந்த ஸூம் செயலி, ஆளுக்கு முகநூல் கணக்கே இல்லாவிட்டாலும், கைப்பேசி பற்றிய சில தகவல்களை முகநூல் நிறுவனத்துக்கு அனுப்பியது 2020 மார்ச்சில் வெளியே வந்தது. அப்புறம் அதை எடுத்துவிட்டார்கள். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தவிர நடுவில் யாருக்கும் திறக்க முடியாதபடி பூட்டி அனுப்புகிறோம் என்று அவர்கள் விளம்பரம் செய்தார்கள். அது அப்படி இல்லை, சாவி அவர்கள் கையிலும் இருந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2020 நவம்பரில் குற்றம் சாட்டி, பாதுகாப்பைச் சீர்செய்ய உடன்பாடு வாங்கியது. அடுத்த வருஷம் ஒரு வழக்கை முடிக்க 8 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுக்க அந்த நிறுவனம் ஒத்துக்கொண்டது. உண்மையிலேயே அப்படிப் பூட்டும் வசதி 2020 அக்டோபரில்தான் வந்தது. 2023 ஆகஸ்டில் மறுபடி ஒரு சத்தம். நாம் பேசுவதை வைத்துச் செயற்கை நுண்ணறிவைப் பழக்கலாம் என்று பொருள்படும்படி விதிமுறை இருக்கிறது என்று மக்கள் எதிர்த்தார்கள். அதற்குப் பிறகு, அப்படிச் செய்யமாட்டோம் என்று விதிமுறையை மாற்றி எழுதினார்கள்.

ஒரு நிறுவனத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் திருத்திக்கொண்டதும் உண்டு. எங்களை யோசிக்க வைத்தது வேறு. ஒவ்வொரு தடவையும் வெளியாட்கள் யாராவது நோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று நாமாகப் பார்க்க வழி இல்லை.

தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இரண்டு விதமான மெஷின் இருக்கிறது. ஒன்று, டிராயிங்கும் வயரிங் படமும் கூடவே கொடுத்துவிடுவான். பழுது வந்தால் நம் ஆளே திறந்து பார்க்கலாம், வேறு ஊர் மெக்கானிக்கைக் கூப்பிட்டும் காட்டலாம். இன்னொன்று, பெட்டியை சீல் வைத்துக் கொடுப்பான். திறந்தால் வாரண்டி போச்சு. அவன் சொன்னதை நம்பித்தான் ஓட்டணும். கணினிச் செயலியிலும் இதே கதைதான். செயலி எப்படி எழுதப்பட்டது என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், சோதிக்கலாம், எடுத்துத் தன் சொந்தக் கணினியில் ஓட்டலாம், மாற்றலாம் என்று திறந்து கொடுப்பதைத் திறந்த மூல மென்பொருள் என்கிறார்கள்.

வீடியோ கூட்டத்துக்கும் அப்படி இருக்கிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது ஜிட்சி. எமில் இவோவ் என்ற பல்கேரியா நாட்டு மாணவர் 2003-ல் பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஆரம்பித்த வேலை அது. ஜிட்சி என்றால் அவர்கள் மொழியில் கம்பிகள், வயர்கள் என்று அர்த்தமாம். இப்போது எய்ட் பை எய்ட் என்ற அமெரிக்க நிறுவனம் அதைப் பராமரிக்கிறது, ஆனாலும் மூலம் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடத்துவதற்காகவே பிறந்த பிக்புளூபட்டன் என்று இன்னொன்றும் உண்டு. எழுதும் பலகை எல்லாம் இருக்கிறது, ஆனால் அதற்குப் பெரிய சர்வர் வேண்டும். தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் லினக்ஸ் குழுவினர் ஜிட்சியில்தான் ஞாயிற்றுக்கிழமை கூடித் தமிழில் பேசுகிறார்கள். அவர்கள் லிங்கைப் பகிரங்கமாகத்தான் போடுகிறார்கள். அது யாரும் வந்து கற்றுக்கொள்ளும் கூட்டம், அவர்களுக்கு அதுதான் சரி. நம்முடையது பிள்ளைகள் வகுப்பு. அதனால் நம் முறை வேறாக இருக்க வேண்டும்.

மாறியதும் எல்லாம் நன்றாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். முதல் நாள் பெரிய சிரமம். முப்பத்தைந்து பேர் ஒரே நேரத்தில் கேமராவைத் திறந்ததும் படம் உறைந்தது, பாட்டு விட்டு விட்டுக் கேட்டது. ஓதுவார் ஐயாவுக்கே கோபம் வந்துவிட்டது. பாட்டி ஒருவர் லிங்கை அமுக்கினால் செயலியை இறக்கச் சொல்லிக் கேட்கிறது என்று பயந்து போனையே அணைத்துவிட்டார். "பழசுக்கே போயிடலாம்பா, இது நமக்கு ஒத்து வராது" என்று நிர்வாகத்திலேயே சொன்னவர்கள் உண்டு. அப்புறம் பாடுகிறவர் மட்டும் கேமராவைத் திறப்பது என்று வைத்தோம். சத்தம் தெளிவானது. பாட்டிக்கு அவர் பேரப்பிள்ளையே சொல்லிக் கொடுத்தது. கைப்பேசியில் ஒரு முறை செயலியை இறக்கி வைத்துவிட்டால் போதும், கணினியில் அதுகூட வேண்டாம்.

முதலில் ஜிட்சியின் பொதுத் தளத்தில் இலவசமாக நடத்தினோம். 2023 ஆகஸ்டில் இருந்து அங்கே கூட்டத்தைத் தொடங்குகிறவர் கூகுள், முகநூல் மாதிரி ஏதாவது ஒரு கணக்கில் உள்நுழைய வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கெட்ட காரியத்துக்குப் பலர் பயன்படுத்தியதால் அந்தக் கட்டுப்பாடு. நியாயம்தான். ஆனால் அப்போதுதான் புரிந்தது, அதுவும் அடுத்தவர் வீட்டு மண்டபம்தான் என்று. மூலம் திறந்திருந்ததால் நமக்கு வேறு வழி இருந்தது. தம்பி ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து, அதில் ஜிட்சியை நமக்கென்றே போட்டுக் கொடுத்தார். மாதம் 80 வெள்ளி அளவில் ஆகிறது. ஓர் உபயகாரர் பெயர் சொல்லாமல் கொடுத்து வருகிறார். முருகன் அவர் குடும்பத்தைக் காக்கட்டும்.

திறந்த மூலம் என்றால் பத்திரம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஜிட்சியில் அறையின் பெயர் தெரிந்தால் போதும், யாரும் கதவைத் தட்டலாம். "திருமுறை வகுப்பு" என்று சுலபமாகப் பெயர் வைத்தால் ஊகித்தே வந்துவிடுவான். பாஸ்வேர்டு போட்டாலும், எல்லாரும் வெளியேறியதும் அது அழிந்துவிடும். அடுத்த வாரம் மறுபடி போட வேண்டும். மறந்தால் 2020 ஜூலைதான் திரும்ப வரும். படமும் பேச்சும் சர்வர் வழியாகத்தான் போகிறது, அதனால் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் நம்பிக்கையானவராக இருக்க வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டால் அதுவே ஓட்டை. இதற்கெல்லாம் மேலே, யாரோ ஒருவர் இன்னொரு கைப்பேசியால் திரையைப் படம் எடுத்தால் உலகத்தில் எந்தச் செயலியும் தடுக்காது.

அதைச் சொல்லும்போது எங்கள் இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பக்தர்கள் புலனத்தில் பெயர், ராசி, நட்சத்திரம் அனுப்புவார்கள். குருக்கள் ஐயா சங்கல்பத்தில் வாசிப்பார். அதை அப்படியே பதிவு செய்து முகநூலில் போட்டோம். ஓர் அம்மா தன் மகன் போதைப் பழக்கத்தில் இருந்து மீண்டு வர வேண்டும் என்று எழுதியிருந்தார். அதுவும் சேர்த்து வாசிக்கப்பட்டது. வீடியோ ஊரெல்லாம் போனது. மகனுக்குப் பேசி வைத்திருந்த இடம் தட்டிப்போனது. அந்த அம்மா சன்னிதியில் நின்று சொன்னது சாமிக்கு. அதை நாங்கள் சந்தைக்குச் சொல்லிவிட்டோம். அதற்கு எந்தச் செயலியும் காரணம் இல்லை.

நம் நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. அது முக்கியமாக வணிகத்துக்காக எழுதப்பட்ட சட்டம். கோயிலுக்குச் சட்டம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அர்ச்சனைச் சீட்டைக் குருக்கள் வாசித்து முடித்ததும் குப்பையில் கண்ட இடத்தில் போடமாட்டோம். அந்த மரியாதை திரையில் வரும் பெயருக்கும் உண்டு.

இதனால் நிர்வாகமும் இளைஞர் பகுதியும் சேர்ந்து முடிவு செய்தவை இவை:

1. பிள்ளைகள் வகுப்பு லிங்க் முகநூலில் வராது. பெற்றோருக்கு மட்டும் வியாழன் இரவு தனித்தனியாகப் புலனத்தில் வரும். அறைப் பெயரும் பாஸ்வேர்டும் வாராவாரம் மாறும். தயவுசெய்து வேறு குழுவுக்கு அனுப்பாதீர்கள்.

2. எல்லாரும் முதலில் காத்திருப்பு அறையில் நிற்க வேண்டும். பிள்ளையின் பெயரோடு பெற்றோர் பெயரும் போட்டால்தான் உள்ளே விடுவோம். "சாம்சுங்", "ஐபோன்" என்று பெயர் வந்தால் யார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

3. ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு தொண்டர்கள் காவல் இருப்பார்கள். ஒருவர் கதவுக்கு, ஒருவர் திரைக்கு. திரையைப் பகிரும் உரிமை ஓதுவார் ஐயாவுக்கு மட்டும்.

4. பிள்ளைகள் வகுப்பைப் பதிவு செய்வதில்லை. வராத பிள்ளைக்கு ஓதுவார் ஐயா பாடிய குரல் பதிவு மட்டும் தனியாக வரும்.

5. பூஜை நேரலை முன்போலவே முகநூலில் வரும், அது எல்லாருக்கும். ஆனால் சங்கல்பப் பெயர்கள் வாசிக்கும்போது ஒலியை நிறுத்திவிடுவோம். பழைய சங்கல்ப வீடியோக்களை எடுத்துவிட்டோம். யாராவது இறக்கி வைத்திருந்தால் அழித்துவிடுங்கள்.

ஜொகூரில் இருக்கும் அக்கா பிள்ளைக்கும் சிங்கப்பூர் பிள்ளைக்கும் கதவு திறந்தே இருக்கிறது. ஆலய அலுவலகத்துக்கு நீங்கள் ஒரு முறை போன் செய்து பெற்றோர் பெயரைச் சொன்னால் போதும்.

அந்த ஏழு வயசுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. மறு வருஷம் அதன் அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டோம். புது ஏற்பாட்டைத் திறந்து காட்டினோம், யார் எப்படி உள்ளே வருகிறார்கள் என்று அவரே உட்கார்ந்து இரண்டு வாரம் பார்த்தார். மூன்றாவது வாரம் பிள்ளையை விட்டார். முதலில் கேமராவை மூடிக்கொண்டே பாடியது. நாங்களும் திறக்கச் சொல்லவில்லை. இப்போது அது பெரிய பிள்ளையாகிவிட்டது. மண்டபத்து வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் தாளம் போட்டுக் கொடுக்கிறது. அதன் அம்மா இப்போது வெள்ளிக்கிழமை கதவுக் காவல் தொண்டர்களில் ஒருவர். எங்களைவிடக் கண்டிப்பு.

இன்னும் இரண்டு பேர் காவலுக்குத் தேவைப்படுகிறார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்குக் கல்யாணம் கூடி வருகிறது, அவருக்கும் ஒரு துணை ஆள் வேண்டும். கணினி தெரிந்த பிள்ளைகள் முன்வாருங்கள். தெரியாதவர்களுக்கு நாங்கள் சொல்லித் தருகிறோம். எங்களுக்கும் ஐம்பது வயசுக்கு மேல்தான் இதெல்லாம் தெரிய வந்தது.

தவறு எங்கே என்று தெரிந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். முருகன் துணை.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள்